வண்டி வாங்கலாமா, பாஸ் எடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரி திறக்கிற மாசம் வந்தாலே இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்கள் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். பையனுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கலாமா, பெண்ணை பஸ்ஸில் அனுப்பலாமா, ட்ரெயினை நம்பினால் முதல் பீரியடுக்குப் போய்ச் சேர முடியுமா என்று ஒரே விஷயம்தான். இந்த இதழின் பகுதியை முழுக்க அதற்கே கொடுத்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தார்கள், அதனால் யார் பெயரும் இல்லை.

வீடு கூடுவாஞ்சேரியில். கிண்டியில் இன்ஜினீயரிங் முதல் வருஷம் சேர்ந்திருக்கிறேன். லைசென்ஸ் கையில் இருக்கிறது. அப்பா தவணையில் பைக் எடுத்துத் தருகிறேன் என்கிறார், அம்மா ட்ரெயினில் போ என்கிறார். பைக்கில் போனால் 50 நிமிஷம். ட்ரெயின் என்றால் ஸ்டேஷனுக்கு நடப்பது, காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– மாணவர், கூடுவாஞ்சேரி

தம்பி, முதலில் அந்த 50 நிமிஷத்தைப் பற்றிக் கேட்கிறேன். அதை எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? அட்மிஷனுக்குப் போன அன்று பகல் 11 மணிக்குப் பார்த்திருந்தால் அந்தக் கணக்கு உதவாது. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், விமான நிலையம், கத்திப்பாரா என்று அந்த ஜி.எஸ்.டி. ரோட்டை ஒருமுறை முழுசாகக் கடந்து பாருங்கள். தென் மாவட்டத்திலிருந்து ராத்திரி முழுக்க ஓடி வந்த ஆம்னி பஸ், கன்டெய்னர் லாரி, கம்பெனி வேன், வரிசையாக நிற்கிற மாநகரப் பேருந்து, இத்தனைக்கும் நடுவில்தான் உங்கள் பைக் போக வேண்டும். மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது, ரோட்டின் உண்மையான முகம் அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, பணத்தைப் பார்ப்போம். போக வர ஒரு நாளைக்கு 55 கிலோமீட்டருக்குக் குறையாது. மாசம் 24 நாள் என்றால் 1,300 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. லிட்டருக்கு 45 கொடுக்கிற வண்டியாக இருந்தாலும் கிட்டத்தட்ட 30 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 3,000 ரூபாய். தவணை இன்னொரு 3,000-க்கு மேல் போகும். இந்த ஓட்டம் ஓடினால் இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு சர்வீஸ், டயரும் செயின் செட்டும் வேறு சீக்கிரம் தேயும். ஆக மாசம் ஆறாயிரம், ஏழாயிரம். ட்ரெயினுக்கு சீசன் டிக்கெட் முழு விலையில் எடுத்தாலே சில நூறு ரூபாயில் முடிகிறது, அதிலும் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம்தான். கல்லூரி அலுவலகத்தில் சலுகைப் படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு போய் ஸ்டேஷன் கவுன்டரில் கொடுக்க வேண்டும். இதைப் படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு ஒரு தகவல்: பட்டப்படிப்பு முடிகிறவரை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் உங்களுக்கு இலவசம். இது தெரியாமலே மூன்று வருஷத்தை முடித்துவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்ளும்.

பணம் இருக்கட்டும் சார், நேரம்தான் பிரச்சினை என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு ட்ரெயினுக்குள் இருக்கிற நேரம் ஏறக்குறைய 50 நிமிஷம். மிச்ச 40 நிமிஷம் வீட்டிலிருந்து ஸ்டேஷன், பிளாட்ஃபாரத்தில் நிற்பது, கிண்டியில் இறங்கி நடப்பது. அடித்துப் பிடித்துக் குறைக்க வேண்டியது இந்த 40 நிமிஷத்தைத்தான், அது உங்கள் கையில் இருக்கிறது. ட்ரெயின் நேரத்தை மனப்பாடம் செய்துகொண்டு ஐந்து நிமிஷம் முன்னால் பிளாட்ஃபாரத்தில் நிற்பதுபோல் கிளம்பினால் காத்திருப்பு போய்விடும். ஸ்டேஷன் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி என்றால் சைக்கிளோ பழைய ஸ்கூட்டரோ போதும், ஸ்டேஷன் ஸ்டாண்டில் மாச டோக்கன் போட்டு நிறுத்திவிடலாம். செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டி கூடுவாஞ்சேரிக்கு வரும்போதே நிறைந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி அங்கிருந்தே புறப்படுகிற வண்டியில் ஏறுங்கள், ஏழெட்டு நிமிஷம் கூடுதலாக ஆனாலும் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும். பல வருஷமாக அந்தத் தடத்தில் போகிறவர்கள் எல்லாரும் செய்வது இதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் கல்லூரியில் பாடம் எடுத்த காலத்தில் முதல் பீரியடில் யார் எப்படி வந்தார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஒரு மணி நேரம் ஹைவேயில் வண்டி ஓட்டி வந்த பிள்ளையின் கண் சிவந்திருக்கும், நோட்டைத் திறந்த கை கொஞ்ச நேரம் கிளட்ச் பிடித்த மாதிரியே மடங்கி இருக்கும், பத்து நிமிஷத்தில் தலை சாயும். ட்ரெயினில் நின்றுகொண்டே வந்தவனுக்குக்கூட அவ்வளவு களைப்பு இருந்ததில்லை. சாயங்காலமும் அதே ரோட்டில், அதே களைப்போடு, கூடவே இருட்டு. 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுக்க அந்த வருஷம் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். உங்கள் அம்மா இந்தக் கணக்கெல்லாம் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது.

என் யோசனை: முதல் செமஸ்டர் முடிகிறவரை ட்ரெயின். ஒரு சின்ன நோட்டில் தினமும் வீட்டைப் பூட்டிய நேரம், வகுப்பில் உட்கார்ந்த நேரம் இரண்டை மட்டும் எழுதுங்கள். ஒரு மாசம் எழுதினால் உங்களுக்கே ஒரு உருப்படியான எண் கிடைக்கும், அப்புறம் அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். எனக்குத் தெரிந்து, இருபது கிலோமீட்டருக்கு மேல் தினமும் போகிற மாணவனுக்கு, பக்கத்தில் ஸ்டேஷன் இருக்கும்போது, பைக் நல்ல பதிலாக அமைந்ததே இல்லை.

என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். காலையிலும் ராத்திரியும் டியூஷன், வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர். வகுப்பில் எல்லாரும் ஸ்கூட்டரில்தான் வருகிறார்கள் என்று தினமும் சண்டை. அவனுக்கு நன்றாக ஓட்டத் தெரியும். அவன் அப்பாவின் வண்டியைக் கொடுத்து அனுப்பட்டுமா?
– ஒரு தாய், ஈரோடு

வேண்டாம் அம்மா. இதில் இரண்டு பக்கம் பார்த்துச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது ஆனால்தான் கியர் வண்டியோ சாதாரண ஸ்கூட்டரோ ஓட்ட முடியும். 16 வயதில் ஓட்டலாம் என்று சொல்வது 50 சி.சி.க்கு உட்பட்ட, கியர் இல்லாத வண்டியை மட்டும்தான். உங்கள் வீட்டில் நிற்கிற ஸ்கூட்டர் 100 சி.சி.க்கு மேல் இருக்கும், அது இந்தக் கணக்கில் வராது. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கென்றே 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பொறுப்பு பெற்றோருக்கும் வண்டியின் உரிமையாளருக்கும் வருகிறது. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாசத்துக்கு ரத்து. இதையெல்லாம்விட உங்கள் மகனுக்கு உறைக்கப்போவது கடைசியாக வருகிறதுதான்: அவனுக்கு 25 வயது ஆகிறவரை லைசென்ஸ் கிடையாது. படித்து முடித்து வேலைக்குப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆன பிறகும் அவன் பஸ் ஸ்டாப்பில்தான் நிற்க வேண்டியிருக்கும். இதை அவனிடம் அப்படியே சொல்லுங்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லலாம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி யாருக்காவது அடிபட்டால், கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பு வருவது சகஜம். ஆர்.சி. புத்தகம் அப்பா பேரில் இருக்கிறது, அப்படியென்றால் வீடு, நகை எல்லாமே அந்த நாலு கிலோமீட்டருக்குப் பணயம்.

‘நன்றாக ஓட்டத் தெரியும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். தெருவில் வளைத்து நிறுத்தத் தெரிவதும், ராத்திரி எட்டரைக்கு எதிரே ஹைபீம் போட்டுக்கொண்டு வருகிற லாரியைப் பார்த்து எப்போது ஒதுங்குவது என்று முடிவு எடுப்பதும் ஒன்றில்லை அம்மா. அதற்கு வயதும் பழக்கமும் வேண்டும்.

நாலு கிலோமீட்டர் சைக்கிளில் 20 நிமிஷம். அரசுப் பள்ளி அல்லது உதவி பெறும் பள்ளி என்றால் பிளஸ் ஒன்னிலேயே அரசு சைக்கிள் கொடுத்திருக்கும், செயினுக்கு எண்ணெய் விட்டு எடுத்தால் போதும். ராத்திரிக்கு பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று கட்டாயம் மாட்டுங்கள். காலை டியூஷன் முடிந்து பள்ளிக்குப் போக அரசு பஸ்ஸில் காசு கிடையாது. அதே டியூஷனுக்கு வருகிற பிள்ளைகள் மூன்று நாலு பேர் உங்கள் பக்கத்தில் இருந்தால் சேர்ந்து ஒரு ஆட்டோ பேசிவிடுங்கள், ராத்திரி கவலை தீரும். லைசென்ஸ் தேவைப்படாத எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்று கடையில் சொன்னால், மோட்டார் 250 வாட்டுக்கு மேலும் வேகம் 25 கிலோமீட்டருக்கு மேலும் போகாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதைத் தாண்டினால் அதுவும் லைசென்ஸ் வேண்டிய வண்டிதான்.

18-வது பிறந்த நாள் வந்ததும் நீங்களே கூட்டிக்கொண்டு போய் எல்.எல்.ஆர். எடுத்துக் கொடுங்கள். 30 நாள் கழித்து எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கட்டும். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து அவன் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினால் தினசரிச் சண்டை பாதியாகக் குறையும். என் வீட்டில் அப்படித்தான் குறைந்தது.

உசிலம்பட்டியிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். மதுரையில் பி.எஸ்சி. படிக்கிறேன். எங்கள் ஊருக்குக் காலையில் 6.40-க்கு ஒரு டவுன் பஸ், அதை விட்டால் 9.15. காலை பஸ் சில நாள் ஊருக்குள் வராமலே திரும்பிவிடும். அண்ணனுக்கு பைக் இருக்கிறது. நான் ஸ்கூட்டி கேட்டால் ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு வண்டி, அதான் பஸ் ஓசியா இருக்கே’ என்கிறார்கள். நான் கேட்டது தப்பா?
– மாணவி, உசிலம்பட்டி அருகே

தப்பே இல்லை மகளே. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், மூன்றாவது தடவை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று வந்த பிறகு எத்தனை பெண் பிள்ளைகள் படிப்பைத் தொடர்ந்தார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். அதற்கு முன்னால் தினமும் காலையில் அப்பாவிடம் கை நீட்ட வேண்டும், காசு இல்லாத நாள் லீவு. அதனால் அந்தத் திட்டத்தை நான் சாதாரணமாகப் பேச மாட்டேன். ஆனால் இலவசமாக இருக்கிற பஸ் முதலில் ஊருக்குள் வர வேண்டும். வராத பஸ்ஸில் டிக்கெட் இலவசமாக இருந்து உனக்கு என்ன பிரயோசனம்? அப்புறம் உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்கு நீ போகிற புறநகர் பஸ்ஸுக்கு அந்த இலவசம் கிடையாது என்பது வீட்டில் பேசுகிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. நீ படிப்பது அரசுக் கலைக் கல்லூரி என்றால் இலவச பஸ் பாஸ் உண்டு, வாங்கியிருக்கிறாயா என்று எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் இந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் கேள்.

என் பதில் இது. மதுரை வரைக்கும் ஸ்கூட்டரில் போகாதே. அந்த நாற்பது கிலோமீட்டர் தேனி ரோட்டில் தினமும் போக வர உனக்கும் வேண்டாம், உன் அண்ணனுக்கும் வேண்டாம். ஆனால் வீட்டிலிருந்து உசிலம்பட்டி வரைக்கும் உள்ள 5 கிலோமீட்டருக்கு உனக்கு ஒரு ஸ்கூட்டர் கட்டாயம் வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டாண்டில் போட்டுவிட்டு அங்கிருந்து பஸ் ஏறு. ஏழரை மணி வரை வீட்டில் இருக்கலாம், சாயங்காலம் கடைசி டவுன் பஸ் போய்விட்டதே என்று ஸ்பெஷல் கிளாஸைப் பாதியில் விட்டு ஓட வேண்டாம், யாரையும் வந்து கூட்டிப் போகச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீட்டர், மாசம் ஐந்தாறு லிட்டர் பெட்ரோல். பழைய வண்டியே போதும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடு. வாயால் கேட்டால் ஆசையாகத் தெரிவது, எழுதிக் கொடுத்தால் தேவையாகத் தெரியும். உசிலம்பட்டி வழியாக ரயிலும் இருக்கிறது, 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் விட்டார்கள். உன் வகுப்பு நேரத்துக்கு ஒத்து வருகிறதா என்று ஸ்டேஷனில் ஒருமுறை கேட்டுக்கொள்.

அண்ணனிடமே ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல். லைசென்ஸ் உன் பேரில், ஹெல்மெட் உன் தலைக்குச் சரியான அளவில். துப்பட்டாவை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஓட்டாதே. குறுக்காகப் போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்துகொள், இல்லையென்றால் பைக்குள் வைத்துவிடு. பின் சக்கரத்தில் துணி மாட்டினால் அரை நொடியில் கழுத்தை இழுத்துவிடும். பின்னால் உட்காருகிற தோழிக்கும் இதைச் சொல்.

அப்படியே பஸ்ஸையும் விட்டுவிடாதே. உன்னிடம் ஸ்கூட்டர் வந்த பிறகும் உன் ஊரில் வண்டி இல்லாத பிள்ளைகள் அந்த 6.40-க்குத்தான் நிற்பார்கள். பஸ் வராத நாள்களைத் தேதி போட்டு எழுதி வை. எந்தத் தேதி, எத்தனை மணி வரை எத்தனை பேர் நின்றீர்கள், வந்து நிற்காமல் போனால் அதன் பதிவெண் என்ன. பதினைந்து நாள் பட்டியல் இருந்தால் போதும். அதை வைத்து ஊர்க்காரர்கள் முப்பது பேர் கையெழுத்தோடு ஒரு மனு, ஒரு பிரதி டெப்போ கிளை மேலாளருக்கு, ஒன்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில். ரசீது வாங்காமல் வராதே. ஆகஸ்ட் 15 கிராம சபையில் 8 மணிக்கு ஒரு நடை வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். 2025-ல் புது மினி பஸ் திட்டம் தொடங்கியிருக்கிறது, பஸ் போகாத ஊர்களுக்குத்தான் அது. உன் ஊர் பேரையும் அதில் கேட்டு எழுதுங்கள். ‘பஸ் சரியாக வருவதில்லை’ என்று பொதுவாக எழுதினால் அந்தத் தாள் கட்டோடு போய்விடும், தேதியும் மணியும் இருந்தால் யாராவது ஒருவர் பதில் சொல்லியே தீர வேண்டும்.

வட சென்னையில் ஆர்ட்ஸ் காலேஜ் இரண்டாம் வருஷம். எங்கள் ரூட்டு பசங்க எல்லாம் படியில்தான் வருவார்கள். நான் உள்ளே போய் நின்றால் கேலி செய்கிறார்கள். கூட்டத்தில் உள்ளே போகவும் முடிவதில்லை. பேசாமல் ஒரு பைக் வாங்கிவிடலாமா என்று இருக்கிறது.
– மாணவர், சென்னை

எனக்கு உங்கள் வயது இருக்கும்போது பிராட்வே பக்கம் போகிற பஸ்ஸில் தினமும் போவேன். ஏறுகிற இடம் முன்னாடி என்பதால் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்துவிடும். நடுவில் ஏறுகிற நண்பன் ஒருவன் பையை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டுவிட்டுப் படியில் தொற்றிக்கொள்வான். உட்கார்ந்திருப்பவர் மடியில் நிற்பவர்களின் பை இருப்பது நம் ஊர் வழக்கம்தானே. ஒருநாள் ஒரு திருப்பத்தில் பஸ் சாய்ந்தது, சத்தம் கேட்டது, கண்டக்டர் விசில் ஊதினார். நான் அவன் விழுந்ததைப் பார்க்கவில்லை. என் மடியில் அவன் பை இருந்தது, உள்ளே டிபன் பாக்ஸ் இன்னும் சூடாக இருந்தது, அந்தச் சூடு தொடையில் தெரிந்தது. அந்தப் பையை அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனவன் நான். அவன் பிழைத்தான், இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவன் அம்மா என்னிடமிருந்து பையை வாங்கி, ஒன்றும் பேசாமல், டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார்கள்.

கேலி செய்கிற அந்த நாலு பேரில் யாரும் அந்த வாசலுக்குப் போய் நிற்க மாட்டார்கள் தம்பி. படியில் தொங்குவது மோட்டார் வாகனச் சட்டத்தில் குற்றம், கதவு வைத்த பஸ்கள் வந்திருக்கின்றன, போலீஸ் நடவடிக்கை எடுக்கிறது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நாளையிலிருந்து ஒரு பஸ் முன்னால் போங்கள். கூட்டமும் குறையும், அந்தக் கும்பலும் அதில் இருக்காது. முடிந்தால் இரண்டு ஸ்டாப் பின்னால் நடந்து போய் பஸ் புறப்படுகிற இடத்திலேயே ஏறுங்கள். பஸ்ஸை விட்டு பைக்குக்குப் போவது இதற்குத் தீர்வு ஆகாது. வண்டி வந்தால் அதே நண்பர்கள் மூன்று பேராகப் பின்னால் ஏறுவார்கள், அப்போதும் மறுக்க வேண்டியது நீங்கள்தான். மறுத்துப் பழகுவதை பஸ்ஸிலேயே தொடங்கலாம்.

கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். சீனியர் ஒருவர் படிப்பு முடிந்து போகும்போது அவர் பைக்கை 22,000 ரூபாய்க்குத் தருகிறார். பேர் மாற்றுவது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். வாங்கலாமா?
– மாணவர், கோவை

அந்த ‘அப்புறம்’ வராது. ஏற்கெனவே அவருக்கும் இன்னொரு சீனியர் அப்படித்தான் கொடுத்திருப்பார், முதலில் ஆர்.சி.யில் இருப்பது அவர் பேர்தானா என்று பாருங்கள். தவணை பாக்கி இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, நிலுவை அபராதம் எத்தனை என்று வண்டி எண்ணைப் போட்டால் பரிவாகன் தளத்திலேயே தெரியும். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். கையெழுத்துப் போட்ட படிவங்கள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள், இன்ஷூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. ஹாஸ்டலில் இருக்கிற உங்களுக்கு வகுப்புக்கு நடந்தே போகலாம். வண்டி எதற்கு? வார இறுதியில் காந்திபுரம் போக என்றால் பஸ் இருக்கிறது. நண்பர்களோடு ஊட்டிக்குப் போக என்றால், மலைப் பாதையில் இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிற பழைய வண்டி அதற்கு ஆகாது. 22,000-ஐ பேங்கில் போட்டு வையுங்கள்.

போன மாசம்தான் மகளுக்கும் மகனுக்கும் பொதுவாக ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தேன். கல்லூரி 9 கிலோமீட்டர், அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. வாங்கியதிலிருந்து தூக்கம் வரவில்லை. இருவரும் பத்திரமாகப் போய்வர நான் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

பஸ் இல்லாத ஒன்பது கிலோமீட்டருக்கு வண்டி வாங்கியது சரியான முடிவு ஐயா, அதை நினைத்து வருந்த வேண்டாம். தூக்கம் வருவதற்கு நான் செய்த சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்னால் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, இருவரையும் தனித்தனியாகக் கல்லூரி வரை ஓட்டச் சொல்லுங்கள். வழியில் ஒன்றும் சொல்லாதீர்கள், பயம் வருகிற இடத்தை மட்டும் மனசில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது அந்த இடங்களைப் பற்றி மட்டும் பேசுங்கள், பள்ளிக்கூட வாசல், மணல் கிடக்கிற வளைவு, மாடு படுக்கிற இடம் என்று. திட்டிச் சொன்னால் அவர்கள் காதில் ஏறாது. இடத்தைக் காட்டிச் சொன்னால் அந்த இடம் வரும்போது கை தானாக பிரேக்குக்குப் போகும்.

போனை பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டுத்தான் சாவி திருப்ப வேண்டும். நீங்களும் அவர்கள் வண்டியில் இருக்கிற நேரத்தில் கூப்பிடாதீர்கள். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்கிற அப்பாவின் போனை எடுக்கத்தான் பிள்ளைகள் ஒரு கையை விடுகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் அவர்களே ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும். இன்ஷூரன்ஸில் ஓட்டுபவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா, அது யாருக்குச் செல்லும் என்று ஏஜென்டிடம் கேளுங்கள், வண்டி உங்கள் பேரில் இருந்தால் அது பிள்ளைகளைக் காப்பாற்றாமல் போகலாம். எங்காவது அடிபட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் பணம் கட்டச் சொல்லிக் காக்க வைக்கக் கூடாது என்பதை இருவருக்கும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஹெல்மெட். 2022-ல் நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் இறந்தவர்களில் பதினாலாயிரம் பேருக்கு மேல் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். வண்டியோடு வந்தது ஒன்றுதான் இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இன்னொன்று வாங்குங்கள், மகளையும் மகனையும் கடைக்குக் கூட்டிப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள், தாடைப் பட்டையைப் போட்டுத் தலையை ஆட்டினால் ஹெல்மெட் நகரக் கூடாது. இன்றைக்குச் சாயங்காலமே போய்விட்டு வாருங்கள்.